வெள்ளை படியாத டம்ளர்

பொத்தானை அமுக்கியும் பாத்திரம் கழுவுகிற மெஷின் கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தது. சொன்னவுடனே வேலையில் இறங்கினால் மரியாதை போய்விடும் என்று நினைக்கும்போல. அப்புறம் அடியில் எங்கோ உறுமிக்கொண்டு தண்ணீரை இழுக்கத் தொடங்கியது. உலகம்மாள் பிளாஸ்டிக் ஸ்டூலை அதற்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மகன் பேச்சிமுத்து ஆபீஸ் போயாயிற்று. மருமகள் அறிவுச்செல்வி, வயிற்றுப் பிள்ளைக்கு மாதாமாதம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நானும் வாரேன் என்று உலகம்மாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, "நீங்க வேணாம் அத்த, அங்க ஒரே கூட்டம், நாலு பேர் இருமிக்கிட்டே இருப்பாங்க, எங்கம்மா நேரா அங்க வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருமிக்கிட்டே இருப்பாங்களாம். எத்தனையோ வார்த்தை இருக்க, அந்த வார்த்தை எதற்கு வந்தது? கூட்டம் என்று சொல்லியிருக்கலாம், வெயில் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு தானாக அங்கே போய் நின்றதென்றால் மனசில் அதுதான் இருக்கிறது என்று அர்த்தம். இருக்கட்டும். மெஷினுக்குள்ளே, மேல் தட்டில், கண்ணாடி கிளாஸ்களுக்கு நடுவில், உலகம்மாளின் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து நிற்கிறது. கீழ்த் தட்டில் மற்றவர்களின் தட்டுகளோடு அவளுடைய தட்டும் சொருகியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அவளே வைத்ததுதான். அறிவு வந்து கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். முகம் சுளித்தால் ராத்திரி ரயிலுக்குத் தென்காசி. பை கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்து, அதைத் தூக்கப் போகும்போது கையைத் தட்டிவிடுகிற வீட்டில் இருப்பதைவிட, அது பிறக்குமுன்னே போய்விடுவது மேல்.

உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பவுடர் வைத்த மூடி திறந்துகொண்டது. இந்தச் சத்தத்தையெல்லாம் அறிவுதான் சொல்லிக்கொடுத்தாள். நல்லாத்தான் சொல்லிக்கொடுப்பாள், குறை சொல்ல முடியாது. பவுடரை ஈரக் கையால் தொடக் கூடாது, கட்டி தட்டிவிடும். நிறையப் போட்டால் நிறைய சுத்தமாகும் என்று நினைக்கக் கூடாது, மிச்சப் பவுடர் பாத்திரத்திலேயே தங்கிவிடும். சோற்றையும் எலும்பையும் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, குழம்புக் கறையோடு அப்படியே தட்டை உள்ளே சொருக வேண்டும். தேய்த்துக் கழுவிவிட்டு வைத்தால் பவுடருக்கு வேலை இல்லாமல் போய்க் கண்ணாடியைத் தின்ன ஆரம்பித்துவிடுமாம். இதை மட்டும் உலகம்மாளால் நம்பவே முடியவில்லை. அழுக்கு இருந்தால்தான் சுத்தமாகும் என்று சொல்கிற ஒரு சாமானை என்னவென்று சொல்வது? பவுடரைப் பற்றித் தெரியாமல் முத்து ஒருமுறை கையால் பாத்திரம் தேய்க்கிற பச்சை சோப்புத் தண்ணீரை அந்தக் குழியில் ஊற்றிவிட்டானாம். கதவிடுக்கு வழியாக நுரை பொங்கிப் பொங்கி, சமையலறை தாண்டி, ஹாலில் சோபாவின் கால் வரைக்கும் வந்து, இவன் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு பெண்டாட்டிக்குப் போன் போட்டானாம். அறிவு அதைச் சொல்லிச் சிரித்தபோது உலகம்மாளும் சிரித்தாள். வந்த புதிதில் அப்படியெல்லாம் சேர்ந்து சிரித்ததும் உண்டு. வீட்டுக்கு வந்த ஒருத்தியை ஒதுக்கி வைத்துக்கொண்டே அவளோடு சேர்ந்து சிரிக்கவும் முடியுமா? முடியும். மனுஷிக்கு எல்லாம் முடியும்.

மெஷின் சீராக இரைந்தது. ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்டால் உலகம்மாள்தான். அதையும் அவள் மறுக்கவில்லை. வந்த அன்று சாயங்காலம், சாப்பிட்ட பாத்திரங்களை அறிவு உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். தென்காசியிலிருந்து கொண்டுவந்த டம்ளரை அவள் மேல் தட்டில் வைக்க, உலகம்மாள் சட்டென்று கையை விட்டு எடுத்தாள். தட்டையும் உருவினாள். "என்னுது தனியா இருக்கட்டும்மா" என்றாள். அந்த டிபி வந்து, மாத்திரை மாத்திரையாக விழுங்கி, மூத்திரமெல்லாம் செம்மண் தண்ணீராகப் போய், மெலிந்து, தேறி, இனி ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது, மகன் வீட்டுக்குப் போங்கம்மா என்று டாக்டர் அனுப்பி வைத்த பிறகும், புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் தான் வாய் வைத்துக் குடித்த டம்ளரை அவள் டம்ளரோடு சேர்த்து வைக்க மனசு வரவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவள் என்ன சொல்ல வேண்டும்? "அதெல்லாம் வேணாம் அத்த, குடுங்க" என்று பிடுங்கி வைத்திருக்க வேண்டாமா? சாப்பாடு போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்பதில்லையா? இவள் கையை இழுத்துக்கொண்டாள். உலகம்மாளைப் பார்க்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டு, "சரிங்க அத்த" என்றாள். அவ்வளவுதான். சரிங்க அத்த. அதற்கப்புறம் அந்தத் தட்டும் டம்ளரும் மெஷினைப் பார்த்ததே இல்லை. காலையில் எழுந்து வந்தால் ஜன்னல் பக்கத்துச் சின்னப் பலகையில், துணியால் துடைத்து, தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். இத்தனைக்கும் விஷயத்தை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடு, மறைத்துக்கொண்டு நான் வரமாட்டேன் என்று முத்துவிடம் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "சொல்லிட்டேம்மா, அவ ஒண்ணும் சொல்லல" என்றான் அவன். ஒண்ணும் சொல்லல. டிபி என்று கேட்ட ஒருத்தி ஒன்றுமே சொல்லாமல் இருப்பாளா? எப்போது வந்தது, எப்படி இருக்கிறார்கள், குழந்தைக்கு ஆகாதே, ஏதாவது ஒன்று வாயில் வராதா? ஒன்றும் சொல்லாதவள் உள்ளே எவ்வளவு வைத்திருப்பாள்? இந்த இடத்துக்கு வந்தால் உலகம்மாளின் யோசனை முள்ளில் மாட்டிய முந்தானையாக நின்றுவிடும்.

தண்ணீர் வடிந்து, மறுபடி ஏறியது. இந்த ஊர்த் தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்வதே தண்ணீருக்குக் கேவலம். போர்த் தண்ணீர். தலையில் ஊற்றினால் முடி கம்பியாகிறது, பருப்பு வேக மாட்டேனென்கிறது. மெஷினில் கழுவின கிளாஸ் எல்லாம் யாரோ மூச்சு ஊதிவிட்ட மாதிரி வெள்ளை படிந்து மங்கலாக வெளியே வரும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். மெஷின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு ரொம்ப நாளாக மினுங்கிக்கொண்டே இருந்தது, ஏதோ மருந்து தீர்ந்துவிட்டது என்பதற்காம், யாரும் சட்டை செய்யவில்லை. உலகம்மாளுக்கு அந்த வெள்ளை உபகாரமாகத்தான் இருந்தது. ஒருநாள் காலை வெயில் ஜன்னல் வழியாக விழ, மற்ற கிளாஸ்கள் எல்லாம் பூத்துப்போய் நிற்க, அவள் டம்ளர் மட்டும் பளபளவென்று இருந்தது. அன்றைக்குத்தான் சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. அன்று சாப்பிட்டு முடித்ததும், நோய்தான் எப்போதோ போய்விட்டதே, எத்தனை நாளைக்கு இந்தத் தனி வாசம் என்று, தன் டம்ளரை அவளே மெஷினுக்குள் கிளாஸ்களோடு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். சொல்லத் தெரியாத ஒன்றை வைத்துச் சொன்ன மாதிரி. காலையில் வந்து பார்த்தால் டம்ளர் ஜன்னல் பலகையில். துடைத்துக் கவிழ்த்து. துளி வெள்ளை இல்லை. வைத்த டம்ளரை எடுத்திருக்கிறாள், எடுத்துத் தனியாகத் தேய்த்திருக்கிறாள். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உலகம்மாள் அழுதாள். அழுதுவிட்டு அதில்தான் காப்பியும் குடித்தாள், வேறு எதில் குடிப்பது?

இப்போது அந்த வழியும் அடைத்துவிட்டது. நேற்றுக் கடையிலிருந்து ஒரு பாட்டில் வந்து இறங்கியது. ரின்ஸ் எய்ட். நீலமாக, பார்க்கச் சின்னப் பிள்ளைகள் குடிக்கிற சர்பத் மாதிரி இருக்கும். கதவின் உட்பக்கத்தில் பவுடர் குழிக்குப் பக்கத்தில் ஒரு மூடி. அதைத் திறந்து, கோடு வரைக்கும் ஊற்றி, வெளியே சிந்தினதைத் துணியால் ஒற்றியெடுத்து, அளவு காட்டுகிற திருகை ஒரு பல் கூட்டி வைத்தாள் அறிவு. நம்ம தண்ணிக்குக் கொஞ்சம் கூடத்தான் வேணும் என்றாள். "கடைசி அலசல்ல தானா கொஞ்சம் எறங்கும் அத்த. தண்ணி சொட்டுச் சொட்டா நிக்காம வழுக்கிட்டுப் போயிடும். இனிமே வெள்ளையே படியாது பாருங்க." இனிமே வெள்ளையே படியாது. இத்தனை நாள் விளக்கு மினுங்கும்போது வராத அக்கறை இப்போது எங்கிருந்து வந்தது? கிளாஸ்களை வெயிலுக்குத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாளே இந்தக் கிழவி என்று கண்டுகொண்டாளா? எல்லாமே பளபளத்துவிட்டால் எது மெஷினில் போனது, எது கையால் தேய்த்தது என்று கண்டுபிடிக்க முடியாதே. அதற்காகவே வாங்கியிருப்பாள். கெட்டிக்காரி. படித்தவள். அது போக, அந்த நீலத்தை நினைத்தாலே உலகம்மாளுக்குச் சந்தேகம். எல்லாம் அலசி முடித்த பிறகு மறுபடி ஒரு மருந்தைத் தெளித்துவிட்டால், அந்த மருந்தை யார் அலசுவது? அது தட்டில் நிற்காதா, சோற்றோடு உள்ளே போகாதா, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போகாதா? கேட்டதற்கு, "அளவாப் போட்டா நிக்காது அத்த" என்று சிரித்தாள். தன் பிள்ளைக்கு மருந்து போனால் பரவாயில்லை, மாமியார் வாய் வைத்த டம்ளர் படக் கூடாது. அப்படி நினைத்தவுடனே உலகம்மாளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தப் பெண் தன் பிள்ளையைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு தூக்கத்தில்கூடச் சிரிக்கிறாள்.

இருமல் வந்தது. ஒன்றுதான், தொண்டைக் கமறல்தான், தாளித்த கடுகு வாசனை இன்னும் அடுப்படியில் நிற்கிறது. ஆனாலும் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். சுத்தமாக இருந்தது. எத்தனை முறை சுத்தமாக இருந்தாலும் அடுத்த முறை பார்க்கத்தான் வேண்டும். டாக்டர் ஒன்றுமில்லை என்றார், அவருக்கு என்ன, எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். திரும்பி வராது என்று யார் கண்டது? அந்தக் கிளாஸ்களில்தானே அறிவு பால் குடிப்பாள். ஆங்காரத்தில் டம்ளரைக் கலந்து வைத்துவிட்டோமே. எழுந்து போய் மெஷின் கதவில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. இந்தக் கொதி தண்ணீரில் எந்தக் கிருமி பிழைக்கும்? திறக்கலாமா? திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும் என்று சொல்லியிருக்கிறாள். கையை எடுத்தாள். அப்படியானால் அறிவு செய்வது சரிதானே? ஒரு தாய் அப்படித்தானே இருப்பாள்? சரியென்றால் சரிதான். ஆனால் சொல்லிவிட்டுச் செய்யட்டுமே. அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு உலகம்மாள் தட்டை மட்டுமா, தன்னையே தூக்கிக்கொண்டு தனி அறையில் போய் இருந்திருப்பாள். வாயைத் திறக்காமல் ஒதுக்குவதுதான் தாங்கவில்லை. இவளுக்காக எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினோம். முத்து விரும்பிய பெண் வேறு ஆட்கள் என்று தெரிந்ததும் கொழுந்தன் வீட்டு உறவு அதோடு போயிற்று, சொந்தத்தில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு வரவில்லை. உலகம்மாள்தான் ஒற்றை ஆளாக நின்று, உத்திரமேரூர்ப் பக்கம் அவர்கள் ஊருக்கே போய், நிச்சயத்துக்குத் தட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நல்ல வெயில். அவள் அம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து... அன்றைக்கு நல்ல வெயில். அது எதற்கு இப்போது. மெஷின் கடைசியாகத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. அந்த நீலம் இப்போது இறங்கிக்கொண்டிருக்கும்.

சத்தம் அடங்கி வெகு நேரம் ஆன பிறகு அது பீப் அடித்தது. உலகம்மாள் திறக்கவில்லை. வாசல் பூட்டு திரும்பிற்று.

"முடிஞ்சிடுச்சா அத்த?" அறிவு செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "கதவக் கொஞ்சம் தெறந்து வச்சிருக்கலாமே, ஆவி போயிருக்கும்."

"டாக்டர் என்ன சொன்னா?"

"எல்லாம் நல்லாருக்குன்னாங்க."

பையை மேடைமேல் வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெஷின் கதவைத் திறந்து மேல் தட்டை இழுத்தாள். கிளாஸ்கள் வாங்கின புதிதில் இருந்த மாதிரி நின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிக்கப் போனவள், நடுவில் இருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. உலகம்மாள் அதற்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கிடைத்துவிட்டது.

"அத்த, உங்க டம்ளர் இதுல வந்துடுச்சு." குரல் பயந்திருந்தது. "கீழ உங்க தட்டும் இருக்கு. காலைல அவசரத்துல நாந்தான் தெரியாம வச்சிட்டேன்போல. இருங்க, சோப்பு போட்டு நல்லாத் தேச்சுத் தந்துடறேன்."

டம்ளரை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள்.

"நாந்தான் வச்சேன்" என்றாள் உலகம்மாள். "அன்னைக்கு ராத்திரியும் நாந்தான் வச்சேன், நீ எடுத்துட்ட. இன்னும் என்ன பயம் ஒனக்கு? டாக்டரே ஒண்ணுமில்லன்னுதானே அனுப்பி வச்சாரு. பயமா இருந்தா நேரா சொல்லு, நான் ஊரப் பாக்கப் போறேன். இப்படி வாயத் தெறக்காம ஒதுக்கி வைக்காத."

"எந்த டாக்டர்?"

"டிபிக்குப் பாத்த டாக்டர்."

"டிபியா? யாருக்கு?"

தண்ணீர் டம்ளரில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் நடிப்பு இருக்கிறதா என்று உலகம்மாள் தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் திகைப்புத்தான்.

"முத்து சொல்லலையா? சொல்லிட்டேன்னு சொன்னாம்லா."

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல அத்த. உங்களுக்கு டிபி இருந்துச்சா? தனியாவா இருந்தீங்க?"

தனியாவா இருந்தீங்க. போனில் வந்திருக்க வேண்டிய வார்த்தை, இத்தனை மாதம் கழித்து வந்து சேர்ந்தது. உலகம்மாளுக்குக் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. மகனை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

"அப்பறம் எதுக்கு எந் தட்டையும் டம்ளரையும் தனியாத் தேச்ச?"

"நீங்கதானே அன்னைக்கு எங்க கிளாஸுக்குப் பக்கத்துல இருந்து எடுத்தீங்க. உங்களுக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். நாங்க வாய் வச்சதோட சேத்துக் கழுவுனா உங்களுக்கு ஆகாதோன்னு. அன்னைக்கு நைட்டு உள்ள இருந்தத பாத்து, அவரு தெரியாம வச்சிட்டாருன்னு எடுத்தேன். காலைல பாத்தா சங்கடப்படுவீங்களேன்னு."

உலகம்மாள் திறந்து கிடந்த மெஷினைப் பார்த்தாள்.

"நிச்சயத்துக்கு வந்தப்பகூட எங்கம்மா குடுத்த தண்ணிய வாங்கி அப்படியே பக்கத்துல வச்சிட்டீங்க. கடைலேருந்து கலர் வாங்கிட்டு வரச் சொல்லி, பாட்டிலோட குடிச்சீங்க. எங்கம்மா அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. அந்தத் தண்ணிய எடுத்துச் செடில ஊத்துனாங்க." குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்ப நீங்க டம்ளர எடுத்தது இந்த நோய்க்காகத்தானா அத்த?"

ஆமாம் என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. புள்ளத்தாச்சி வீட்டில் ஒட்டிவிடக் கூடாதே என்று நினைத்தது சத்தியம். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தீர்ந்துபோகும், இரண்டு பேரும் சேர்ந்து முத்துவைத் திட்டலாம், ராத்திரிக்குப் பையைப் பிரித்துவிடலாம். வார்த்தை நாக்குக்கு வந்தும்விட்டது. ஆனால் அன்றைக்கு நல்ல வெயில். தொண்டை காய்ந்து கிடந்தது. அந்த அம்மா டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார்கள். நீட்டின கையைப் பார்த்த கண்ணும், அன்று சாயங்காலம் இந்தச் சமையலறையில் டம்ளரை உருவின கையும் ஒரே ஆளுடையவைதானே. எதற்காக எடுத்தோம்? நோய்க்காக. நோய்க்காக மட்டுமா?

"அதுக்கும்தான்" என்றாள் உலகம்மாள்.

அறிவு குழாயை மூடினாள். டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அழவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட உலகம்மாளுக்கு லேசாக இருந்திருக்கும். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. திறந்து கிடந்த மெஷினிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள். விளிம்பில் பச்சைக் கோடு போட்டது, அறிவு எப்போதும் குடிப்பது. இன்னும் சூடு ஆறவில்லை. கேனிலிருந்து தண்ணீர் பிடித்து, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், விளிம்பை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"தாகமா இருந்தாக் குடிங்க அத்த" என்றாள் அறிவு. "எனக்காகக் குடிக்க வேணாம்."

உலகம்மாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாகமாக இருக்கிறதா என்று யோசித்தாள். டம்ளர் மெஷினுக்குள் போனதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இருமல் வந்தபோதுகூட. அலமாரி நிறையக் கிளாஸ் இருந்தது, ஒன்றை எடுக்கத் தோன்றவே இல்லை. எடுக்கத் தோன்றவே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தாகமாத்தான் இருக்கு" என்றாள்.

குடித்தாள். கிளாஸ் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக இறங்கியது. அறிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். உலகம்மாள் இன்னும் கொஞ்சம் பிடித்துக் குடித்தாள்.